பக்கத்தில் இருப்பவர் சொல்லத்தான் வேண்டும்: எனக்குப் பிடித்த சில வரிகள்

கேள்வி இதுதான்: "வாழ்க்கை, வேலை, மனதில் பட்டதை வெளிப்படையாகச் சொல்லுதல் பற்றி உங்களுக்குப் பிடித்த மேற்கோள்கள் எவை?" கேட்டவர் யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. மேசையில் எழுதி ஒட்டிவைக்க ஒன்றிரண்டு வரி வேண்டும் என்கிறார். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மாதக் கூட்டத்தில் மேலாளர் சொன்ன ஒரு தொகை பிழை என்று தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லையாம். வீட்டுக்கு வந்த பிறகு இரவெல்லாம் நித்திரை வரவில்லையாம்.

அந்த நித்திரை வராத இரவை வைத்துத்தான் நான் தொடங்க வேண்டும். தமிழ் படிப்பித்த காலம் முழுவதும் நான் அதிகம் சொல்லிக்கொடுத்த வரி வேறு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வரி இது:

அறிகொன்று அறியான் எனினும் உறுதி
உழையிருந்தான் கூறல் கடன்.

638ஆம் குறள், அமைச்சு அதிகாரத்தில் வருகிறது. அரசன் மற்றவர் சொல்லும் அறிவையும் தள்ளிவிடுகிறான், தனக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்டவனாக இருந்தாலும், நன்மையானதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவனின் கடமை. இவ்வளவுதான் பொருள். இந்தக் குறளைப் பட்டிமன்றங்களில் நான் கேட்டதே குறைவு.

இதில் எனக்குப் பிடித்தது வள்ளுவர் எதையும் ஆசை காட்டாததுதான். சொன்னால் அரசன் கேட்பான் என்று சொல்லவில்லை. சொன்னவனுக்குப் பரிசு கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. கேட்கமாட்டான் என்று வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குகிறார். 'சொல்லி என்ன பிரயோசனம், அவர் கேட்கப் போறதில்லையே' என்று நாம் எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறோமே, அந்த ஒதுங்கலுக்கு முதல் நான்கு சொல்லிலேயே இடமில்லாமல் செய்துவிடுகிறார். கேட்பதும் விடுவதும் அவன் பாடு, சொல்வது உன் பாடு.

கேட்பவனுக்கும் வள்ளுவர் தனியாகச் சொல்லியிருக்கிறார். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்' என்பது 448. கெடுக்க எதிரி ஒருவரும் வேண்டாம், பிழையைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லாவிட்டாலே போதும், தானாகக் கெடுவான். 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' என்பது 389. காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்பவனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும். இந்த இரண்டையும் உங்கள் மேலாளரின் மேசையில் ஒட்ட வேண்டும். அது நம் கையில் இல்லை, விடுங்கள்.

ஏன் இந்தக் குறள்களைவிட வேறு சில குறள்கள் நம் வாயில் எளிதாக வருகின்றன என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் 'யாகாவா ராயினும் நாகாக்க' என்பதைச் சொல்வார். 'இனிய உளவாக இன்னாத கூறல்' சொல்வார். இரண்டும் பெறுமதியான குறள்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் முதலாவது அடக்கமுடைமையில் வருகிறது. வாய் தவறி வரும் சொல்லின் கேட்டைப் பற்றி அது எச்சரிக்கிறது. தெரிந்த உண்மையை மறைத்து வை என்று அது எங்கும் சொல்லவில்லை. அதே வள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவை அறிதலுக்கு ஓர் அதிகாரம், அவை அஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என்று முப்பது குறள் எழுதியிருக்கிறார். அவை அஞ்சாமையில், சபைக்குப் பயந்தவனுக்கு நூல் எதற்கு என்று நேரடியாகவே கேட்கிறார்: 'வாளொடென் வன்கண்ணர் அல்லார்க்கு நூலொடென் நுண்ணவை அஞ்சு பவர்க்கு.' துணிவில்லாதவன் கையில் வாள் இருந்து என்ன, சபையைக் கண்டு நடுங்குபவன் நூல் படித்து என்ன?

நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே 'வாய் காட்டாதை', 'பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க வராதை' என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. காலையில் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அப்பரின் 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்ற தேவாரத்தைப் பிள்ளைகள் பாடுவார்கள். பல்லவ மன்னன் பிடித்துவர ஆள் அனுப்பியபோது அப்பர் கொடுத்த பதில் அது என்பது நம் மரபு. நாங்கள் யாருக்கும் அடிமைப்பட்ட குடிகள் அல்லோம், யமனுக்கும் பயப்படமாட்டோம் என்று அரசனின் ஆட்களைப் பார்த்துச் சொன்ன வரி. அதைப் பாடிய பிள்ளைக்கு, அதே நாளில் வகுப்பில் 'சேர், கரும்பலகையில் எழுதினது பிழை' என்று சொல்லவும் இடம் கொடுக்க வேண்டும். கொடுத்த ஆசிரியர்களும் நம்மிடையே இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு போர் வந்தது. அந்தக் காலத்தில் வாய் திறந்ததற்கு உயிர் விலையாகப் போனது. சோதனைச்சாவடியில் மட்டும் அல்ல, ஒழுங்கைக்குள்ளும் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகளை உயிரோடு காப்பாற்ற அம்மாமார் 'நீ ஒண்டும் கதையாதை' என்று சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை. பேசாமல் இருந்ததால் தப்பிய வீடுகள் எத்தனையோ.

அந்தக் காலத்திலும் பேசியவர்கள் இருந்தார்கள். ராஜினி திராணகமவை நினைக்காமல் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் எழுத என்னால் முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். 'முறிந்த பனை' என்ற நூலை மற்றவர்களோடு சேர்ந்து எழுதியவர். ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பும் மக்களுக்குச் செய்ததைப் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21ஆம் திகதி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. அவர் முன்னதாக எழுதிய கருத்து ஒன்று பலரும் அறிந்தது. ஒரு நாள் ஏதோ ஒரு துப்பாக்கி என்னை வாயடைக்கச் செய்யும், அதைப் பிடித்திருப்பவன் வெளியாளாக இருக்கமாட்டான், என்னுடைய வரலாற்றைப் பகிர்ந்த ஒரு பெண்ணின் வயிற்றில், இதே சமூகத்தில் பிறந்த மகனாக இருப்பான் என்ற பொருளில் எழுதினார். இதை மேசையில் ஒட்டும் மேற்கோளாக நான் தரவில்லை. ஒட்டவும் கூடாது. இன்றைக்கு ஒரு கூட்டத்தில் ஒரு தொகை பிழை என்று சொல்வதற்கு நமக்கு இருக்கிற இடம் எப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, பேசுவது என்றால் எப்படிப் பேசுவது? இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆசான் கோவூர் கிழார். புறநானூற்றுப் புலவர். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்ததால் நம் கைக்குக் கிடைத்தவர். 46ஆம் பாட்டின் பின்னணியைக் கேளுங்கள். சோழன் கிள்ளிவளவன், தன் பகைவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுவந்து யானைக் காலில் இட்டுக் கொல்லப் போகிறான். யானை தயாராக நிற்கிறது. மன்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்த இடத்தில் புலவர் எழுந்து பேசுகிறார். மொத்தம் எட்டே அடி.

முதலில் அரசனைப் பற்றிச் சொல்கிறார்: ஒரு புறாவின் துன்பத்தையும் மற்றும் பல துன்பங்களையும் போக்கியவனின் வழிவந்தவன் நீ. அடுத்து அந்தப் பிள்ளைகளின் குடியைப் பற்றி: இவர்கள் புலவர்களின் வறுமையைக் கண்டு அஞ்சித் தம்மிடம் உள்ளதைப் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள். அதற்கு அடுத்து, என்னால் இன்றுவரை நெஞ்சு கனக்காமல் வாசிக்க முடியாத இடம் வருகிறது. அந்தக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தார்கள். யானையைக் கண்டதும் அந்தப் புதுமையில் அழுகையை மறந்துவிட்டார்கள். பிறகு கூடியிருக்கும் சனத்தைப் பார்த்து மருண்டு, இதுவரை அறியாத ஒரு புதுத் துயரத்தோடு நிற்கிறார்கள். தங்களைக் கொல்ல நிற்கும் யானையை வேடிக்கை பார்க்கும் குழந்தைகள். அதைச் சொல்லிவிட்டுப் புலவர் முடிக்கும் அடி இது:

கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே!

நான் சொன்னதைக் கேட்டுவிட்டாய் என்றால், இனி நீ விரும்பியதைச் செய்.

இதில் ஒரு வசவு இல்லை. கெஞ்சல் இல்லை. 'நீ கொடியவன்' என்ற சொல் இல்லவே இல்லை. அரசனுக்கு அவனுடைய குலம் எது என்று நினைவுபடுத்துகிறார், எதிரே நிற்பவர்கள் யார் என்று காட்டுகிறார், முடிவை அவனிடமே விட்டுவிடுகிறார். கோபத்தோடு எழுந்து கத்தியிருந்தால் ஒருவேளை அவருக்கு மனம் ஆறியிருக்கும். பிள்ளைகள் யானைக் காலில் போயிருப்பார்கள். மனதில் பட்டதைச் சொல்வது என்றால் மனதில் உள்ள சூட்டைக் கொட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பாட்டை வாசித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

இதே கோவூர் கிழார் 45ஆம் பாட்டில் இன்னொரு சண்டைக்கு நடுவில் நிற்கிறார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர். புலவர் சொல்கிறார்: உன்னோடு சண்டையிடுபவன் பனந்தோடு சூடிய சேரன் அல்லன், வேப்பமாலை சூடிய பாண்டியன் அல்லன். உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி. 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.' உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். இரண்டு பேரும் வெல்வது நடக்கிற காரியமும் இல்லை. இந்த வரியை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்கிறேன். நம் ஊரின் அண்மை வரலாறு தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தில் பேசுவதற்குச் சின்னச் சின்ன உதவிகளும் வள்ளுவரிடம் இருக்கின்றன. 649: 'பலசொல்லக் காமுறுவர் மன்றமாசு அற்ற சிலசொல்லல் தேற்றா தவர்.' குற்றமில்லாத சில சொற்களில் சொல்லத் தெரியாதவர்கள்தான் பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார்கள். பேசப் போகும் விசயத்தை முதலில் ஒரு தாளில் எழுதி, பாதியை வெட்டிவிட்டுப் போங்கள். 696 மேலிடத்தோடு பேசுவதைப் பற்றியது: 'குறிப்பறிந்து காலம் கருதி வெறுப்பில வேண்டுப வேட்பச் சொலல்.' முகக்குறிப்பைப் பார், நேரத்தைப் பார், வெறுப்பூட்டாமல் சொல். 694 இன்னும் நுணுக்கம். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒருவர் காதுக்குள் இரகசியம் பேசுவதும் அவரோடு சேர்ந்து சிரிப்பதும் கூடாது என்கிறது. கூட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் 'அந்தத் தொகை பிழை' என்று கிசுகிசுப்பதைவிட, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு நேரில் சொல்வது நல்லது. மேலே இருப்பவருக்கு அந்தக் கிசுகிசுப்புத் தெரியும். என்ன சொன்னீர்கள் என்பது தெரியாது. அதைப்போல் நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

வேலைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வேலை பற்றி மிக அதிகமாகச் சொல்லப்பட்ட வரி குறளும் இல்லை, தேவாரமும் இல்லை. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்.' கோறணமேந்து என்றால் அரசாங்கம். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள், அதுவும் நீங்கள் தனியார் நிறுவனத்தில் சேர்ந்தபோது.

அந்தப் பழமொழியைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. கிணற்றை நம்பித்தான் தோட்டம். காணியோ தலைமுறைக்குத் தலைமுறை சீதனமாகப் பிரிந்து பிரிந்து சிறுத்துப்போனது. அந்த நிலையில் 19ஆம் நூற்றாண்டில் மிசனரிமாரின் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வந்தன. அமெரிக்க மிசன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது 1823இல். படித்தவர்கள் கொழும்புக் கந்தோர்களுக்கும் பிறகு மலாயாவுக்கும் எழுத்துவேலைக்குப் போனார்கள். மாதம் தவறாத சம்பளம், கடைசிக் காலத்தில் பென்சன். மழையையும் சந்தை விலையையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆறுதலில் பிறந்த வரி அது.

ஆனால் அதில் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கே மேய்ப்பது என்று சொல்கிறதே தவிர, எப்படி மேய்ப்பது, கோழிக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. அதனால் வேலை தேடும்வரை அந்தப் பழமொழி உதவும். வேலை கிடைத்த பிறகு வேறு வரி வேண்டும்.

எனக்கு அந்த வேறு வரி அப்பருடையது. 'என் கடன் பணி செய்து கிடப்பதே.' ஐந்தாம் திருமுறை, கடம்பூர்த் திருக்கரக்கோயில் பதிகம். கையில் உழவாரத்தோடு கோயில் வீதிகளில் புல் செதுக்கிய மனிதர் பாடியது. தொண்டு நிறுவனங்களின் சுவர்களிலும் சங்கங்களின் மலர்களிலும் இந்த அடியை நிறையப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்கு முன்னால் உள்ள அடியை யாரும் எழுதுவதில்லை: 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.' என்னைத் தாங்குவது அவன் கடன், பணி செய்து கிடப்பது என் கடன். இரண்டு கடன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அப்பர் பாடினார். இறைவனிடமே 'உனக்கும் ஒரு கடமை இருக்கிறது' என்று சொன்னவர் அவர். வேலை வாங்குபவர்கள் ஊழியர்களிடம் இரண்டாவது அடியை மட்டும் சொன்னால், முதலாவது அடியை மரியாதையாக நினைவூட்டலாம். நேரத்துக்குச் சம்பளம், மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு, சுகயீனம் என்றால் லீவு, இவை எல்லாம் 'தாங்குதல்' என்பதற்குள் வரும் என்பதே என் கருத்து.

'மெய்வருத்தக் கூலி தரும்' என்பதையும் விடமுடியாது. தெய்வத்தால் ஆகாது என்றாலும் முயற்சி உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்பது 619. இணுவிலிலோ கோப்பாயிலோ வெங்காயம் வைக்கிற ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டுவார், ஆனால் மெதுவாக. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வள்ளுவருக்கும் தெரியும். அதனால்தான் 'தெய்வத்தான் ஆகாது எனினும்' என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறார். முயன்றால் எல்லாம் கிடைக்கும் என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இந்தக் குறளைத் துணைக்கு அழைக்கக் கூடாது. இது கூலியைப் பற்றி மட்டும் பேசுகிற, அளந்து பேசுகிற குறள்.

வாழ்க்கை பற்றி ஒரே ஒரு பாட்டுத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் புறநானூறு 194ஐ வைத்துக்கொள்வேன். பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு கேட்கிறது. ஒருத்தி பூச்சூடியிருக்கிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படிப் படைத்தவன் நிச்சயமாகப் பண்பில்லாதவன் என்று சொல்லிவிட்டு முடிக்கிறார்:

இன்னாது அம்ம இவ் வுலகம்
இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே.

உலகம் கொடியது, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியதைத் தேடிக் காணுங்கள். பிடித்தது கடைசி இரண்டு அடிகள் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் படைத்தவனையே 'அப் பண்பிலாளன்' என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அந்தத் துணிவும்தான். துயரத்தை மூடி மறைத்துவிட்டு ஆறுதல் சொல்லும் வரிகள் ஆயிரம் உண்டு. இவர் உள்ளதைச் சொல்லிவிட்டு ஆறுதலுக்கு வருகிறார். அதனால் அந்த ஆறுதலை என்னால் நம்ப முடிகிறது. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் செத்தவீடும் அடுத்த வீட்டில் கலியாண வீடும் நடப்பதை நாம் பார்க்காத ஆட்கள் இல்லை.

நம் ஊரின் சொந்தச் சொத்து ஒன்றும் உண்டு. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமி சொல்லி, அவருடைய சீடர் யோகர் சுவாமி வழியாக ஊரெங்கும் பரவிய நான்கு வாசகங்கள்: 'ஒரு பொல்லாப்பும் இல்லை', 'எப்பவோ முடிந்த காரியம்', 'நாம் அறியோம்', 'முழுதும் உண்மை.' யோகர் சுவாமி துறவுக்கு முன்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் வாழ்ந்து 1964இல் மறைந்தார். பார்க்கப் போனவர்களிடம் முகம் பார்த்துப் பூசிமெழுகிப் பேசியவர் அல்லர். ஏச வேண்டியவர்களை ஏசித்தான் அனுப்பினார்.

இந்த நான்கில் முதல் இரண்டைத்தான் சனம் அதிகம் சொல்கிறது. நோய் வந்தாலும் பரீட்சையில் தவறினாலும் 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்று சொல்லித் தோளில் தட்டுவார்கள். நல்லதுதான். எனக்கு மூன்றாவதுதான் நெருக்கம். 'நாம் அறியோம்.' அதன் உண்மைப் பொருள் மனதுக்கும் அறிவுக்கும் எட்டாத ஒன்றைப் பற்றியது. ஆனால் அந்த வாசகத்தோடு பழகியவருக்கு அன்றாட வாழ்விலும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது சுலபமாகும். கந்தோரில் இந்த இரண்டு சொல்லைச் சொல்ல முடியாமல் எத்தனை பேர் பிழையான கணக்கை அனுப்பியிருக்கிறார்கள்! உங்கள் மேலாளர் சொன்ன தொகையும் அப்படி வந்ததாகவே இருக்கலாம். யாரோ கேட்டிருப்பார்கள், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மேற்கோள் எடுக்கும்போது அது யாருடையது என்று பாருங்கள். நாட்காட்டிகளிலும், இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலர்களிலும் 'எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது' என்ற கீதாசாரம் தவறாமல் வரும். துயரத்தில் இருப்பவர்களுக்கு அது ஆறுதல் தருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பகவத் கீதையில் அப்படி ஒரு சுலோகம் இல்லை. 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்று வால்தேரின் படத்தோடு காலை வணக்கமாக வட்ஸ்அப்பில் வருகிறதே, அது வால்தேர் எழுதியது அல்ல. ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வால்தேரைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலில், அவருடைய மனநிலையை விளக்கத் தானே எழுதிய வசனம். எழுதிய பெண்ணின் பெயர் மறைந்து, எழுதாத ஆணின் பெயர் நிலைத்துவிட்டது. பேச்சுரிமையைப் பற்றிய வரியிலேயே இப்படி நடந்தது எனக்கு எப்போதும் உறுத்தும். ஒட்டுவதானால் அவருடைய பெயரைப் போட்டு ஒட்டுங்கள்.

உங்கள் மேசைக்கு: வெளியே தெரியும்படி 649, சில சொற்களில் சொல்வது பற்றியது. அதைப் பார்த்து யாரும் கோபிக்கமாட்டார்கள். மேசை லாச்சிக்குள், நீங்கள் மட்டும் பார்க்கும்படி 638.

அந்தத் தொகை விசயம் இன்னும் முடியவில்லை, பிள்ளை. மாதக் கணக்கு மேலே போவதற்கு முன் அதைத் திருத்தலாம். கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, அவர் தனியாக இருக்கும் நேரத்தில் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேண்டாம், பிறகு போங்கள். 'நீங்கள் பிழையாகச் சொன்னீர்கள்' என்று தொடங்காமல், 'சேர், கூட்டத்தில சொன்ன தொகையைப் பதிவோட வச்சுப் பாத்தனான், இரண்டு இடத்தில வித்தியாசம் வருது, ஒருக்கா பாக்கிறியளோ' என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். அவர் பார்க்காமல் தள்ளிவிட்டால், அதே விசயத்தைத் திகதி போட்டு ஒரு சின்ன மின்னஞ்சலாக அவருக்கே எழுதி அனுப்புங்கள்.